ராவா, ஜேபெக்கா? எதில் படம் எடுப்பது?

கேமரா கைக்கு வந்ததும் பலரும் தடுமாறும் இடம் இது. ரா (RAW) என்பது கேமராவின் சென்சார் பதிவுசெய்த மூலத் தரவு. ஜேபெக் (JPEG) என்பது கேமராவே பக்குவப்படுத்திச் சுருக்கித் தரும் படம்.

சேமிப்பிடம்: 24 மெகாபிக்சல் ஜேபெக் படம் சுமார் 10 எம்பி. ரா அதைப்போல் இரண்டு, மூன்று மடங்கு.

வேலை: ஜேபெக்கை எடுத்தவுடன் அனுப்பலாம். ராவைக் கணினியில் பக்குவப்படுத்த வேண்டும்.

திருத்தம்: உண்மையான வித்தியாசம் இங்கேதான். ஜேபெக் ஒரு நிறத்துக்கு 8 பிட், அதாவது 256 வெளிச்சப் படிநிலைகள். 14 பிட் ராவில் 16,384. நிழலில் இருண்டுபோன முகத்தை வெளிச்சமாக்கினால் ஜேபெக்கில் நிறம் திட்டுத்திட்டாக உடையும். ராவில் முகம் பெரும்பாலும் மீண்டு வரும். மஞ்சள் விளக்கில் வெள்ளைச் சமநிலை (வெள்ளை வெள்ளையாகவே தெரியும்படி நிறங்களைச் சரிசெய்வது) தவறினாலும் பிறகு மாற்றிக்கொள்ளலாம். ஆனால் முழுக்க வெளுத்துப்போன வானத்தை ராவாலும் மீட்க முடியாது. இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

சரி, ராவைப் பக்குவப்படுத்த எந்த மென்பொருள்? லைட்ரூமுக்குச் சந்தா உண்டு, பழகுவது எளிது. டார்க்டேபிள் இலவசம், லினக்ஸிலும் ஓடும். பழகப் பொறுமை வேண்டும். இரண்டுமே மூலக் கோப்பை அப்படியே விட்டுவிட்டு, திருத்தங்களைத் தனியாகக் குறித்து வைக்கின்றன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவினால் அந்தத் திருத்தங்களில் பெரும்பகுதி உடன் வராது. அதனால் தொடக்கத்திலேயே யோசித்துத் தேர்ந்தெடுங்கள்.

விளையாட்டு, செய்தி என்று உடனே படம் போக வேண்டுமா? ஜேபெக் போதும். திருமணம், இயற்கைக் காட்சி, வெளிச்சம் ஏடாகூடமான இடம் என்றால் நான் ராவைத்தான் சொல்வேன். சந்தா கட்ட மனமில்லாதவர்கள் டார்க்டேபிளுக்கு ஒரு மாதம் கொடுத்துப் பாருங்கள். இன்னும் முடிவெடுக்க முடியவில்லையா? பெரும்பாலான கேமராக்களில் இரண்டையும் சேர்த்தே பதிவுசெய்யலாம். நினைவக அட்டைதான் சீக்கிரம் நிறையும்.