ஜவுளிக்கடைக்கு ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல்: ஆறு மாதம் உட்கார்ந்து பார்த்ததில்

முதலில் சாமானைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், கதை அப்புறம். செவ்வாய்ப்பேட்டையில் ஒரு பிளாஸ்டிக் கடையில் வாங்கினது. ஒன்று 320 ரூபாய், இரண்டாக எடுத்ததால் 600-க்குக் கொடுத்தார்கள். 18 அங்குல உயரம், வட்ட முகம், நடுவில் விரல் விட்டுத் தூக்க ஒரு ஓட்டை, நாலு காலுக்கும் ரப்பர் குமிழ். அந்த ஓட்டை தூக்குவதற்கு மட்டும் இல்லை, ஒன்றின் மேல் ஒன்று அடுக்கினதைப் பிரிக்கும்போது நடுவில் காற்று புகுந்து, ஒட்டிக்கொள்ளாமல் வருவதற்கும்தான். நாற்காலி வாங்காமல் ஸ்டூல் வாங்கினதற்குக் காரணம் இருக்கிறது. சாய்மானம் இருந்தால் எங்கள் முதலாளி கண்ணுக்கு அது ஓய்வு.

சேலத்தில் ஒரு ஜவுளிக்கடையில் 11 வருஷமாகச் சேலைப் பிரிவில் இருக்கிறேன். காலை ஒன்பதரைக்கு நின்றால், மத்தியானச் சாப்பாட்டு நேரம் தவிர, இரவு கடை சாத்தும்வரை நின்றுகொண்டேதான். ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் பண்டிகைக் கூட்டம் வந்துவிட்டால் அந்தச் சாப்பாட்டு நேரமும் பேருக்குத்தான். குழந்தைகள் துணிப் பிரிவில் ஒரு அக்கா இருக்கிறார், சாயங்காலம் ஆனால் கெண்டைக்காலில் நரம்பு முடிச்சு முடிச்சாகப் புடைத்து நிற்கும், யாரும் பார்க்காதபோது ரேக்கில் ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொள்வார்.

முதலாளி கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. என் பையன் ஸ்கூல் ஃபீஸுக்கு இரண்டு தடவை கேட்டவுடன் பணம் கொடுத்திருக்கிறார். ஆனால் கடையில் ஒரு ஊசி இடம் மாறுவதாக இருந்தாலும் அந்த வார்த்தை அவர் வாயிலிருந்துதான் வர வேண்டும். வீட்டில் இருந்துகொண்டே போனில் கேமராவைப் பார்ப்பார், உடனே கடைக்கு போன் வரும்: "மூணாவது ரேக்குகிட்ட சாஞ்சுட்டு நிக்கிறது யாரு?" உட்காருவதைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் எங்கள் ஊரில் மாடர்ன் தியேட்டர்ஸ் என்ற சினிமா ஸ்டூடியோ நடத்தின டி.ஆர்.சுந்தரத்தை இழுத்துவிடுவார். 1935-ல் ஆரம்பித்த கம்பெனி, இப்போது ஏற்காடு ரோட்டில் அதன் வாசல் வளைவுதான் மிச்சம், ஆனாலும் சுந்தரத்தின் கண்டிப்பைப் பற்றி எங்கள் ஊரில் இன்னும் பேசுவார்கள். "அவர் காலத்துல எவன் உட்கார்ந்தான்?" என்பார் முதலாளி. அங்கே உட்கார்ந்து எழுதினவர்கள் எத்தனை பேர் என்று கேட்கத் தோன்றும். கேட்டதில்லை.

பில் கவுண்டர் தம்பி வேறு ரகம். 2021-ல் தமிழ்நாட்டில் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, வேலை செய்கிறவர்கள் எல்லோருக்கும் உட்கார இடம் இருக்க வேண்டும், வேலைக்கு நடுவில் வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார்ந்துகொள்ளலாம் என்று கொண்டுவந்தார்களே, 22-ஏ பிரிவு, அதைப் பிரிண்ட் எடுத்து வருகைப் பதிவு மெஷினுக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டான். கேரளாவில் இது 2018-லேயே வந்துவிட்டது, கோழிக்கோடு மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலை பார்த்த பெண்கள் சேர்ந்து போராடி வாங்கினது என்று எங்களுக்குச் சொன்னவனும் அவன்தான். அவன் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை. ஆனால் ஒட்டின நேரம் திங்கட்கிழமைக் காலை, எல்லோரும் வரிசையாக நிற்கும்போது, முதலாளி உள்ளே நுழையும்போது. நாற்பது பேர் முன்னால் அதைப் படித்துவிட்டு அந்த மனுஷன் "ஆமாம்ப்பா" என்று சொல்லிவிடுவாரா? கிழித்தார். ஒரு வாரத்துக்கு டீ நேரமும் போச்சு.

நான் மூன்று மாதம் சும்மா இருந்தேன். ஓமலூர்ப் பக்கமிருந்து ஒரு குடும்பம் கல்யாணத்துக்குச் சேலை எடுக்க வந்து இரண்டரை மணி நேரம் ஆகி, கூட வந்த பாட்டி முடியாமல் மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அதை மனதில் வைத்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமை பூஜை முடிந்து, கணக்குப் பார்த்து, சாப்பிட்டுவிட்டு வந்து உட்காருவார் பாருங்கள், மூன்று மணி வாக்கில், அவர் காது திறந்திருக்கிற நேரம் வாரத்துக்கு அது ஒன்றுதான். தனியாகப் போனேன்.

"அண்ணா, போன வாரம் ஒரு பாட்டி படியில உட்கார்ந்துட்டாங்க, நம்ம கடைக்குப் பார்க்க நல்லா இல்லைங்க. சேலைப் பக்கம் ரெண்டு ஸ்டூல் போடணுங்க. நீலம் எடுக்கட்டுங்களா, பழுப்பு எடுக்கட்டுங்களா?"

"பழுப்பு. நீலம் போட்டா டீக்கடை மாதிரி இருக்கும்."

அவ்வளவுதான். போடலாமா என்று கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பார். நிறத்தைக் கேட்டதால் நிறத்தைச் சொன்னார். காசு நான்தான் போட்டேன், அடுத்த மாதம் அவராகவே கேட்டுக் கொடுத்துவிட்டார்.

எங்களுக்குள் ஒரு ஒப்பந்தம்: கஸ்டமர் இல்லாதபோதுதான் உட்காருவது, கையில் ஏதாவது வேலை இருக்க வேண்டும். மூன்றாம் நாளே போன் வந்தது. "யாரு அது உட்கார்ந்திருக்கிறது?" "இளம்பிள்ளைச் சேலைக்கு விலைச் சீட்டு ஒட்டிட்டிருக்கோங்கண்ணா, நின்னுட்டு ஒட்டினா கோணலாப் போகுதுங்க." கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "சரி, சீக்கிரம் முடிங்க." அதற்கப்புறம் அந்த போன் வரவில்லை. ஆடிக்கு முன்னால் அவரே இன்னும் நாலு வாங்கிப் போட்டு, பக்கத்துக் கடைக்காரரிடம் "பசங்க பாவம், நான்தான் போடச் சொன்னேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நானும் பக்கத்தில் நின்று ஆமாங்க என்று தலையாட்டினேன். பில் கவுண்டர் தம்பி என்னை ஜால்ரா என்கிறான். சட்டம் கொடுத்ததை நிறம் கேட்டு வாங்கினேன் என்று எனக்கும் உள்ளுக்குள் எரிச்சல் இருக்கிறது, இல்லாமல் இல்லை. சம்பளத்தைப் பிடித்து வைக்கிற, வாய்க்கு வந்தபடி பேசுகிற முதலாளியிடம் இந்த வேலையெல்லாம் நடக்காது, அங்கே தொழிலாளர் துறை ஆய்வாளரிடம் எழுதிக் கொடுப்பதுதான் வழி. தம்பி ஒட்டின தாளில் இன்னொரு பிரதி என் ஸ்டாக் நோட்டுக்குள் இருக்கிறது.

சரி, ஸ்டூலுக்கு வருவோம். என் எடை 84 கிலோ, இதுவரை விரிசல் இல்லை. ஆனால் இருபது நிமிஷத்துக்கு மேல் உட்கார்ந்தால் வலிக்கும், ஓட்டை விளிம்பு அழுத்துகிறது. டைல்ஸ் தரையை ஈரத்துணியால் துடைத்த உடனே உட்காராதீர்கள், கால் விரிந்துகொண்டு வழுக்கும். ஜவுளிக்கடைக்காரர்களுக்கு முக்கியமாக ஒன்று: ஓரத்தில் வார்ப்புப் பிசிறு இருக்கும், கண்ணுக்குத் தெரியாது, எனக்கு ஒரு பட்டுச்சேலையில் ஜரிகை இழுத்துவிட்டது. வாங்கினவுடன் பிளேடால் சீவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடுங்கள். இந்த விலைக்கு ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். அக்காவைக் கேட்டால் ஐந்தும் கொடுப்பார், இப்போது ரேக்கில் காலை வைப்பதில்லை.

ரப்பர் குமிழ் இரண்டு தொலைந்துவிட்டது. தனியாகக் கிடைக்குமா என்று வாங்கின கடையில் கேட்டால், அதெல்லாம் வராது, முழு ஸ்டூல்தான் என்கிறார்கள். சைக்கிள் ட்யூபை வெட்டிக் கட்டி வைத்திருக்கிறேன்.