புதுமையா, இடைவெளியா, கவனிப்பா: பழகிய உறவில் ஆசைக்கு எது கைகொடுக்கும்?

பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்கிறோம். புளித்தது பாலா, நம் நாக்கா என்று யாரும் கேட்பதில்லை. பத்துப் பதினைந்து வருடம் சேர்ந்து வாழ்ந்த இருவருக்குள் ஆசை மங்கினால் சந்தேகம் முதலில் பாலின் மேல்தான் போகும். அவர் மாறிவிட்டார், அவளுக்கு முன்போல் ஈடுபாடு இல்லை என்பார்கள். ஆனால் மூளை ஆய்வுகள் நாக்கைத்தான் கைகாட்டுகின்றன. வோல்ஃப்ராம் ஷூல்ட்ஸ் என்ற நரம்பியலாளர் குரங்குகளுக்குப் பழச்சாறு கொடுத்துப் பார்த்தார். எதிர்பாராமல் சாறு கிடைத்தபோது, ஆசையோடு தொடர்புடைய டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்கள் துள்ளின. முன்னறிவிப்பு ஒன்றை வைத்துச் சாறு எப்போது வரும் என்று குரங்கு கற்றுக்கொண்ட பிறகு, அதே சாறு வாயில் விழுந்தும் அவை சும்மா இருந்தன. சாறு கெட்டுப்போகவில்லை. வருவது முன்பே தெரிந்துபோயிற்று, அவ்வளவுதான்.

அதனால்தான் எல்லோரும் ‘ஏதாவது புதுசாகச் செய்யுங்கள்’ என்கிறார்கள். எதை என்று கேட்டால் அங்கே ஆளாளுக்கு ஒரு வழி. சேர்ந்து புதியதைச் செய்யுங்கள் என்பது ஒரு கட்சி. கொஞ்சம் விலகி நில்லுங்கள் என்பது இன்னொன்று. புதுமையெல்லாம் எதற்கு, கவனித்துக்கொண்டாலே போதும் என்று ஒரு கட்சி. உடலுறவின் எண்ணிக்கையைக் கூட்டினால் தானாகச் சரியாகும் என்பவர்களும் உண்டு.

எண்ணிக்கைக் கட்சியை முதலில் அனுப்பிவிடலாம். 2015-இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் லோவன்ஸ்டைன் குழுவினர் 35 முதல் 65 வயது வரையுள்ள திருமணமான தம்பதிகளை எடுத்துக்கொண்டு, அவர்களில் ஒரு பாதியிடம் உடலுறவை இரண்டு மடங்காக்கச் சொன்னார்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் மகிழ்ச்சி கூடவில்லை. ஆசையும் சுவையும் குறைந்ததுதான் மிச்சம். சொல்லிச் செய்வது வீட்டுப்பாடம் ஆகிவிடுகிறது. அதே ஆண்டில் உளவியலாளர் ஏமி ம்யூஸ் 30,000-க்கும் மேற்பட்டோரின் தரவுகளை அலசியபோது, வாரம் ஒருமுறைக்கு மேல் எண்ணிக்கை கூடினாலும் மகிழ்ச்சி அதற்கேற்ப ஏறவில்லை.

ஆளையே மாற்றினால் ஆசை திரும்பும் என்று எலி ஆய்வைக் காட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். சலித்த ஆண் எலி புதிய பெண் எலியைக் கண்டதும் உயிர்பெறுவது உண்மைதான், அதற்குக் கூலிட்ஜ் விளைவு என்று பெயர்கூட இருக்கிறது. ஆனால் நம் கேள்வி அதே ஆளிடம் ஆசையை எப்படித் தக்கவைப்பது என்பது. எலிக்கு அந்தக் கவலை இல்லை.

இனி பேச வேண்டிய மூன்று வழிகள். சேர்ந்து புதியதைச் செய்யும் கட்சிக்கு வலுவான சாட்சி உளவியலாளர் ஆர்தர் ஆரன். காதல் என்பது இன்னொருவர் வழியாக நம்மை விரித்துக்கொள்வது என்பது அவரும் எலெய்ன் ஆரனும் சொன்ன கருத்து. ஆரம்பத்தில் அந்த விரிவு வேகமாக நடக்கிறது, போகப்போக நின்றுவிடுகிறது, அதைத்தான் சலிப்பு என்கிறோம். 1993-இல் ஆரன் குழுவினர் வெளியிட்ட ஓர் ஆய்வில் 53 தம்பதிகள் பத்து வாரம் பங்கேற்றார்கள். சிலர் வாரம் ஒன்றரை மணிநேரம் தங்களுக்குக் கிளர்ச்சி தரும் காரியங்களைச் செய்தார்கள். வேறு சிலர் இதமான, பழகிய காரியங்களைச் செய்தார்கள். திருப்தி அதிகம் கூடியது முதல் கூட்டத்துக்கே. நேரத்தைச் சேர்ந்து கழிப்பதே போதும் என்று நினைத்திருந்தவர்களுக்கு இது ஒரு கொட்டு. பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து திரை பார்ப்பது இதம். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்காதீர்கள்.

ஆரன் குழுவினர் 2000-இல் வெளியிட்ட இன்னொரு சோதனை எனக்கு இன்னும் பிடிக்கும். கணவன் மனைவியின் மணிக்கட்டையும் கணுக்காலையும் சேர்த்துக் கட்டி, மெத்தை விரிப்பின் மேல் மண்டிபோட்டுத் தவழவிட்டு, ஓர் உருளைத் தலையணையைக் கையும் பல்லும் படாமல் இருவர் உடம்புக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு போகச் சொன்னார்கள். ஏழே நிமிடம். காதலுக்கான விளக்கும் இல்லை, இசையும் இல்லை. ஆனாலும் சாதாரண வேலை கொடுக்கப்பட்டவர்களைவிட இவர்களுக்கு உறவின் மேல் மதிப்பு கூடியிருந்தது. இருவரும் சேர்ந்து அசடு வழிந்ததற்கு அதில் பங்கு உண்டு என்பது என் ஊகம். ஒருவர் கெட்டிக்காரராகவும் மற்றவர் கற்றுக்குட்டியாகவும் இருந்தால் அது வகுப்பறை ஆகிவிடும், இருவருக்குமே தெரியாததாக இருக்க வேண்டும். 2019-இல் ம்யூஸ் குழுவினர் ஆசையையே நேராக அளந்தபோதும், துணையோடு புதிய அனுபவம் வாய்த்த நாட்களில் அது கூடியிருந்தது.

இதன் குறை வெளிப்படையானது. புதியது இரண்டாம் முறையே பாதிப் பழையது. படுக்கையறைப் பொருட்களை வாங்கி அடுக்கும் புதுமை இன்னும் சீக்கிரம் தீர்ந்துவிடும். பொருள் மாறினாலும் பார்வை மாறியிருக்காது.

விலகி நிற்கச் சொல்பவர்களில் பிரபலமானவர் தம்பதிகளுக்கு ஆலோசனை சொல்லும் சிகிச்சையாளர் எஸ்தர் பெரல். உங்கள் துணையிடம் எப்போது அதிகம் ஈர்க்கப்படுகிறீர்கள் என்று பல நாட்டவரிடம் அவர் கேட்டிருக்கிறார். பிரிந்திருக்கும்போது என்றார்கள், அல்லது அவர் தன் வேலையில் மூழ்கியிருப்பதைத் தள்ளி நின்று பார்க்கும்போது. நேற்றுவரை சட்டை எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்த ஆள், நூறு பேர் முன்னால் நின்று பேசும்போது வேறொருவராகத் தெரிகிறார். இதற்குக் காசு வேண்டாம், திட்டம் வேண்டாம், சீக்கிரம் தீர்ந்துபோவதும் இல்லை. அந்த வகையில் முதல் வழியைவிட மேல். ஆனால் நெருக்கம் ஏற்கெனவே இருக்கும் வீட்டில்தான் இது மருந்து. ஆளுக்கொரு கைபேசியோடு ஆளுக்கொரு மூலையில் கிடக்கும் இருவருக்கு இடைவெளியை எழுதிக்கொடுப்பது பட்டினி கிடப்பவனை விரதம் இருக்கச் சொல்வது.

மூன்றாம் கட்சி இவர்களோடு நேருக்கு நேர் மோதுகிறது. நெருக்கம் ஆசையைக் கொல்லும் என்பதே தப்பு என்கிறது. உளவியலாளர் குரிட் பிர்ன்பாம் குழுவினர் 100 ஜோடிகளை 42 நாட்கள் நாட்குறிப்பு எழுதவைத்து 2016-இல் வெளியிட்ட ஆய்வில், துணை தன்னைப் புரிந்து கவனிக்கிறார் என்று உணர்ந்த நாட்களில் ஆசை கூடியது, பெண்களிடம் இன்னும் அதிகமாக. ஆசை முதலில் எழுந்து பிறகு நெருக்கம் வர வேண்டும் என்பதும் எல்லோருக்கும் பொருந்தாது. பல பெண்களுக்கு நெருக்கம் தொடங்கிய பிறகே ஆசை விழிப்பது இயல்புதான் என்று மருத்துவர் ரோஸ்மேரி பேசன் 2000-லேயே எழுதினார். ஆகவே நேரம் ஒதுக்கி வைப்பதைக் கேலி செய்ய வேண்டியதில்லை. கட்டாயம் இல்லாதவரை அது வெறும் கதவுதான்.

என் கணக்கு இப்படி. சின்னக் குழந்தையோடு தூக்கமில்லாமல் இருப்பவர்களிடம் புதுமையைப் பற்றிப் பேசுவதே கொடுமை. அங்கே இரவு எழுந்து குழந்தையைத் தூக்குபவர்தான் கவர்ச்சியானவர். ஒரே வீட்டிலிருந்து வேலை பார்த்து நாள் முழுக்க ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பவர்களுக்கு இடைவெளி. ஒருவர் தொடங்கும் வாக்கியத்தை மற்றவர் முடித்துவிடும் தம்பதிகளுக்குச் சேர்ந்து செய்யும் புதுமை. மூன்றில் ஒன்றை மட்டும் எடு என்றால் கவனிப்பைத்தான் எடுப்பேன், ஏனென்றால் அது இல்லாத இடத்தில் மற்ற இரண்டும் எடுபடுவதில்லை. கூர்ந்து பார்த்தால் அந்த இரண்டும் செய்வதும் ஒரே வேலைதான், தெரிந்த ஆளிடம் தெரியாததைக் காட்டுவது. படிக்கப் படிக்க நம் அறியாமை தெரியவருவதோடு வள்ளுவர் ஒப்பிட்டதும் இந்தச் சுவையைத்தானே.

நானும் கணவரும் நாற்பதைத் தாண்டி நீச்சல் கற்கப் போனோம். இருவருக்கும் தண்ணீர் புதிது. எதற்கும் அசராத மனிதர், குளத்துச் சுவரைப் பிடித்த கையை விடவே மாட்டேன் என்று நின்றார். அவர் பயந்து நான் பார்த்தது அன்றுதான். சிரித்தேன், அப்புறம் வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். நான்கு மாதமாயிற்று, இப்போது இருவரும் நன்றாக நீந்துகிறோம், அதுவும் காய்கறி வாங்குவது போல ஆகிவிட்டது. அடுத்த வாரத்துக்கு என்ன என்று கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறார்.