எலுமிச்சை ஜூஸ் தெளிய வைக்கிற யூஎஃப் மெஷின், ஒரு சீசன் ஓட்டினதுக்கு அப்புறம்

எங்க யூனிட்ல எலுமிச்சை கார்டியலும் சோடா சிரப்பும் போடுறோம், பழம் புளியங்குடியில இருந்து வருது. துணியில எவ்ளோ வடிகட்டினாலும் பாட்டில்ல கொஞ்ச நாள்ல அடியில வண்டல் கட்டிரும், கடைக்காரர் திருப்பி அனுப்புவார். அதுக்குத்தான் இந்த சின்ன யூஎஃப் செட் வாங்கினோம், அதாவது அல்ட்ராஃபில்ட்ரேஷன், ரொம்ப நுண்ணிய துளை வழியா ஜூஸ வடிகட்டுறது. ஹாலோ ஃபைபர் வகை, உள்ள ஸ்ட்ரா மாதிரி மெல்லிய குழாய்கள், அதோட சுவர்தான் வடிகட்டுற மெம்பரேன், பாலிசல்ஃபோன்ங்கிற பிளாஸ்டிக். அளவு 100 கிலோடால்டன், அதாவது மூலக்கூறு எடை சுமார் ஒரு லட்சம் டால்டனுக்கு மேல இருக்கிறத நிறுத்திரும்.

தெளிவுல குறையே சொல்ல முடியாதுங்க. டம்ளருக்குப் பின்னாடி பில்லை வெச்சா எழுத்து படிக்கலாம். பெக்டின் (பழத்துல இருக்கிற கோந்து மாதிரி பொருள்), பல்ப் எல்லாம் பெருசு, உள்ளயே நின்னுரும், சர்க்கரை, சிட்ரிக் ஆசிட், வைட்டமின் சி எல்லாம் பொடிசு, அப்படியே தாண்டி வந்துரும், அதனால புளிப்பு துளியும் குறையல. சூடு காட்டாததால வெந்த வாடையும் கிடையாது. தோல் எண்ணெய் பல்ப்போட ஒட்டிக்கிட்டு போயிடுறதால மணம் மட்டும் கொஞ்சம் கம்மி.

ஆனா வித்தவங்க கசப்பும் போயிரும்னு சொன்னாங்க பாருங்க, அது சுத்தமா தப்பு. கசப்புக்குக் காரணமான லிமோனின் வெறும் 470 டால்டன், அத இந்த மெம்பரேன் எப்படி பிடிக்கும்? கசப்பு வேணாம்னா விதை நசுங்காம பிழியணும், இல்லன்னா யூஎஃப்க்கு அப்புறம் கசப்ப உறிஞ்சுற ரெசின் மணி நிரப்பின குழாய் (column) வைக்கணும், அது தனி செலவு.

அடைப்புதான் பெரிய தலைவலி. பிழிஞ்ச ஜூஸ நேரா விட்டா ஃப்ளோ மடமடன்னு இறங்கும், உடனே ஆபரேட்டர் பிரஷர ஏத்துவார், ஏத்தினா மெம்பரேன் மேல படிஞ்ச பெக்டின் இன்னும் இறுகிப்போயிரும், பிரஷர கம்மியா வெச்சு பம்ப் வேகத்த கூட்டினாத்தான் ஓடும். முதல்லயே பெக்டின உடைக்கிற பெக்டினேஸ் என்சைம் போட்டு ஊற வெச்சு, பல்ப்ப சல்லடையில எடுத்துட்டு விடுங்க. எலுமிச்சை பிஎச் 2, 2.5தான் இருக்கும், ஆப்பிள் ஜூஸுக்குப் போடுற சாதா என்சைம் இதுல மந்தமாத்தான் வேலை செய்யும், ஆசிட் தாங்குற வகைன்னு கேட்டு வாங்குங்க.

ஓட்டி முடிச்ச கையோட தண்ணி விட்டு அலசி, வெதுவெதுப்பா காஸ்டிக் சோடா கரைசல உள்ள சுத்தி ஓட விடணும், ஃபைபர் காயவே கூடாது. எங்களுக்கு வந்த மேனுவல்ல இதப்பத்தி ஒரு வரி இல்ல, போன் போட்டாலும் சர்வீஸ் ஆள் வரமாட்டேங்குறார், அதுக்கே ஒரு ஸ்டார் குறைக்கிறேன்.

அஞ்சுக்கு மூணரை. தினமும் ஓட்டுறவங்க பட்ஜெட் இருந்தா செராமிக் மெம்பரேன் பாருங்க, விலை ரொம்ப ஜாஸ்திதான், ஆனா காஸ்டிக்கும் சூடும் நல்லா தாங்கும். எதுவா இருந்தாலும் உங்க ஜூஸ கொண்டு போய் டெமோ கேளுங்க, வெறும் தண்ணிய ஓட்டிக் காட்டினா ஒத்துக்காதீங்க. அப்புறம் மெம்பரேன்ல நிக்கிற கலங்கல் ஜூஸ கொட்டிராதீங்க, நாங்க அத ஸ்குவாஷ்ல சேத்துக்கிறோம், நல்லாவே போகுது.