பழைய கட்டடமா, ஏரியா? பெங்களூரின் பெருந்திட்டத்தில் எதற்கு முதலிடம்

நிலப் பயன்பாடும் சாலையும் இல்லாமல் நகரின் பெருந்திட்டமே (மாஸ்டர் பிளான்) இல்லை. அதற்கு மேல் ஒரு நகரம் விரும்பிச் சேர்க்கும் பகுதிகளில் இரண்டை எடுத்துக்கொள்கிறேன்: பாரம்பரியக் கட்டடப் பாதுகாப்பு, ஏரி-கால்வாய்ப் பாதுகாப்பு. அல்சூர்த் தமிழர்களுக்கு இரண்டுமே வீட்டு விஷயம். சோமேஸ்வரர் கோயிலும் நம்முடையது, ஏரியும் நம்முடையது.

முதலாவது எளிது. பட்டியல் போட்டு, தரம் பிரித்து, இடிக்க அனுமதி வேண்டும் என்றால் பாதி வேலை முடிந்தது. மும்பை 1995இலேயே இப்படி விதி கொண்டுவந்தது. ஆனால் பராமரிப்புச் செலவு உரிமையாளர் தலையில் விழுகிறது.

ஏரி அப்படித் தனியாக நிற்பதில்லை. ஒன்று நிரம்பினால் ராஜகால்வாய் எனும் பெரிய மழைநீர்க் கால்வாய் வழியே அடுத்ததற்குத் தண்ணீர் போக வேண்டும். நடுவில் ஒரு மதில் எழுந்தால் போதும், மேலே இருக்கும் தெரு முழுகும். சம்பங்கி ஏரி கண்டீரவா ஸ்டேடியம் ஆனது, தர்மாம்புதி மெஜஸ்டிக் பேருந்து நிலையம் ஆனது. 2022 செப்டம்பரில் வெளிவட்டச் சாலைப் பக்கம் வெள்ளத்திலிருந்து டிராக்டரில் ஆட்களை மீட்டதை மறக்க முடியுமா? பசுமைத் தீர்ப்பாயம் ஏரியைச் சுற்றி 75 மீட்டர் எதுவும் கட்டாமல் விடச் சொன்னது. 2019இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

சரி, ஒன்றுதான் என்றால் என் ஓட்டு ஏரிக்கு. கால்வாய் ஓடும் சர்வே எண்களை ஒவ்வொரு வார்டிலும் கன்னடத்தோடு தமிழிலும் எழுதி ஒட்டட்டும். மனை வாங்கும் முன் நம் ஆட்கள் அதைப் படிக்க வேண்டும்.