கொத்தமல்லிக்கு ஒரு குடை

2023 செப்டம்பரில் இணையத்தில் ஒரு கோல்டு ஃபிரேம் (cold frame) வாங்கினேன். அடிப்பலகை இல்லாத மரப்பெட்டி, மேலே சாய்வாக, வெளிச்சம் விடும் பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கில் ஒரு மூடி, அவ்வளவுதான். 4 அடிக்கு 2 அடி, சீடர் மரம், 160 டாலர். கடும் உறைபனியிலிருந்து செடிகளைக் காக்கும் என்று அட்டையில் பெரிதாகப் போட்டிருந்தார்கள்.

நான் இருப்பது சியாட்டிலுக்குக் கிழக்கே, இசக்வாவில். இங்கே கடும் உறைபனி வருஷத்துக்குச் சில நாள்தான். டிசம்பரில் பகலில் 8 டிகிரி, ராத்திரி 3 டிகிரி இருக்கும். வானம் தேய்க்காத ஈயப் பாத்திரம் மாதிரி கிடக்க, நாள் முழுக்க நசநசவென்று தூறும். "தூறல்ல என்னடி தோட்டம்?" என்று அம்மா போனில் சிரிப்பார்.

செடி சாவதும் அந்தத் தூறலால்தான். முந்தின வருஷம் திறந்த பாத்தியில் போட்ட கொத்தமல்லிமேல் சேறு தெறித்துத் தெறித்து, கீழிலை அழுகி, தண்டு கொழகொழவென்று ஆகிவிட்டது. பெட்டிக்குள் அந்தப் பிரச்சினை இல்லை. அட்டையில் சொன்ன வேலைக்கு இது எனக்கு நாலைந்து நாள்தான் பயன்பட்டது, 2024 ஜனவரி நடுவில். அப்போதும் மூடிமேல் பழைய போர்வை ஒன்றைப் போட வேண்டியிருந்தது. மற்ற நாளெல்லாம் குடைதான்.

முதல் வருஷம் நான் செய்த தப்பு, அக்டோபர் நடுவில் விதைத்தது. முளைத்து இரண்டு இலை விட்டது. பிப்ரவரி வரைக்கும் அதே இரண்டு இலை! நவம்பர் முதல் வாரத்திலிருந்து பிப்ரவரி தொடக்கம் வரை இங்கே பகல் 10 மணி நேரத்துக்கும் குறைவு. டிசம்பர் 21 அன்று 7:55க்கு உதிக்கும் சூரியன் 4:20க்கு இறங்கிவிடுகிறது. அந்த வெளிச்சத்தில் எதுவும் வளராது, இருப்பது அப்படியே நிற்கும். மூடி வேறு இருக்கிற வெளிச்சத்தில் கொஞ்சம் பிடித்துக்கொள்கிறது. அடுத்த வருஷம் செப்டம்பர் முதல் வாரமே விதைத்தேன். நவம்பருக்குள் ஒரு சாண் வந்துவிட்டது. அப்புறம் ஃபிரிட்ஜில் வைத்த மாதிரிதான், ரசத்துக்கு வேண்டும்போது போய்க் கிள்ளிக்கொண்டேன். வெந்தயக்கீரை மட்டும் சாம்பல் பூஞ்சணம் பிடித்துப் போயிற்று. கறிவேப்பிலையை இதில் வைக்க நினைக்காதீர்கள், அதற்கு வீட்டுக்குள் ஜன்னலோரம்தான்.

இனி குறைகள். மூடி இரட்டைச் சுவர் பாலிகார்பனேட், நடுவில் சிறு சிறு குழாயாக ஓடும். குழாய் முனைகளை அடைக்காமலே அனுப்பியிருக்கிறார்கள். உள்ளே ஈரம் போய், முதல் மார்ச்சில் பார்த்தால் கோடு கோடாகப் பச்சைப் பாசி, நோட்டுப் புத்தகத்தில் கோடு போட்ட மாதிரி. வெளியே எவ்வளவு துடைத்தாலும் போகாது. விற்றவர்களுக்கு மூன்று முறை எழுதினேன், அடுத்த முறை வாங்கும்போது தள்ளுபடி தருகிறார்களாம். வாங்கியதும் முனைகளில் அலுமினிய டேப் ஒட்டிவிடுங்கள்.

கீல் திருகுகளும் குட்டை. 2024 நவம்பர் 19 ராத்திரிப் புயலில் மூடி பிய்த்துக்கொண்டு வேலியில் போய்ச் சாய்ந்திருந்தது. அன்று இந்தப் பக்கம் மரங்களே விழுந்தன, அதனால் முழுப் பழியையும் மூடிமேல் போடமாட்டேன். இப்போது நீளத் திருகு, மேலே இரண்டு செங்கல்.

கூடவே 35 டாலருக்கு விற்ற தானியங்கித் திறப்பானை வாங்காதீர்கள். சூட்டில் மெழுகு விரிந்து மூடியைத் தூக்குகிற சாதனம். இந்த மந்தாரத்தில் அது நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை அசையவே இல்லை. காற்றோட்டத்துக்கு மூடியிடுக்கில் ஒரு மரத்துண்டு போதும்.

ஓடில்லாத நத்தைகளுக்கு இந்தப் பெட்டி சத்திரம். ஒரு ராத்திரி டார்ச்சும் சாப்ஸ்டிக்குமாகப் போய் 23 பிடித்தேன். பலகையின் உள்விளிம்பில் வரிசையாக ஒட்டிக்கொண்டிருக்கும், அங்கே முதலில் பாருங்கள்.

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம்.