100 கி.மீ.க்கு 1.3 லிட்டர்: அந்த எண்ணை நம்பி வாங்காதீர்கள்

பிளக்-இன் ஹைபிரிட் (பிளக்கில் சார்ஜ் போட்டுக் கொஞ்ச தூரம் கரண்டிலும், அது தீர்ந்தபின் பெட்ரோலிலும் ஓடும் வண்டி) வாங்கலாமா என்று கேட்பவர்கள் எல்லோரும் முதலில் காட்டுவது ஸ்டிக்கரில் உள்ள அந்த எண்ணைத்தான். இத்தனை நாள் ஓட்டிய பிறகும் எனக்கு ஆறாத எரிச்சல் அது. வண்டி மேல் கோபம் இல்லை, எண் மேல்தான்.

அது பிறக்கும் விதத்தைப் பாருங்கள். பேட்டரி தீர்ந்தபின் வண்டி 100 கி.மீ.க்கு 6.5 லிட்டர் குடிக்கிறது என்று வையுங்கள். ஓட்டத்தில் 80 சதவீதம் கரண்டிலேயே போய்விடும் என்று வண்டிகளுக்குச் சான்றிதழ் எண் தரும் ஐரோப்பாவின் டபிள்யூஎல்டிபி சோதனை வைத்துக்கொண்டால், மிச்சம் ஐந்தில் ஒரு பங்கு. 6.5 லிட்டர் 1.3 ஆகிவிடும். செலவான கரண்ட் தனி வரியில் இருக்கும், அதை யாரும் படிப்பதில்லை. ஒழுங்காகச் சார்ஜ் போடாமல் 30 சதவீதம்தான் கரண்டில் ஓடினால், அதே வண்டி நாலரை லிட்டர் கேட்கும். 2021-இல் பதிவு செய்யப்பட்ட வண்டிகள் ஓடும்போது தமக்குள்ளேயே குறித்துவைத்த எரிபொருள் அளவுகளை வைத்து ஐரோப்பிய ஆணையம் 2024-இல் வெளியிட்ட அறிக்கையில், பிளக்-இன் வண்டிகள் நிஜத்தில் விடும் கார்பன் டை ஆக்சைடு சான்றிதழில் உள்ளதைப் போல 3.5 மடங்கு. 2025-இல் வந்த புது விதியில், கரண்டில் மட்டும் 60 கி.மீ. ஓடக்கூடிய வண்டிக்கு அந்தக் கரண்டுப் பங்கு சுமார் 54 சதவீதம்தான். ஒரு நட்டு கூட மாறவில்லை, 1.3 லிட்டர் 3 லிட்டர் ஆகிவிட்டது!

அமெரிக்க ஸ்டிக்கர் இதைவிட நேர்மை. கரண்டுக்கு ஒன்று, பெட்ரோலுக்கு ஒன்று என்று பிரித்தே போடுகிறார்கள். 2023 டொயோட்டா ராவ்4 பிரைமுக்கு கரண்டில் 94 எம்பிஜிஇ (ஒரு கேலன் பெட்ரோலுக்குச் சமமான கரண்டில் ஓடும் மைல்), பெட்ரோலில் 38 எம்பிஜி (ஒரு கேலனுக்கு ஓடும் மைல்). 33.7 யூனிட் கரண்டை ஒரு கேலன் பெட்ரோலுக்குச் சமமாக வைப்பதால், 94 என்றால் 100 மைலுக்கு சுமார் 36 யூனிட். சார்ஜ் ஆகும்போது வீணாவதும் இதில் அடக்கம். ஆனால் இது எரிசக்திக் கணக்கு மட்டும்தான், பில் எவ்வளவு வரும் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது.

உங்கள் வண்டியின் உண்மை வேண்டுமா? பேட்டரியைத் தீர்த்துவிட்டு, பம்ப் முதல் முறை தானாக நிற்கும்வரை டேங்கை நிரப்பி, ஓடோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். சார்ஜ் போடாமல் 300 கி.மீ.யாவது ஓட்டி, அதே பம்பில் அதே மாதிரி நிரப்புங்கள். உள்ளே போன லிட்டரை நூறால் பெருக்கி, ஓடிய கி.மீ.யால் வகுங்கள். யூனிட்டைச் சுவர் பிளக்கில் மீட்டர் வைத்தே அளக்கவும். டேஷ்போர்டு காட்டுவது பேட்டரியிலிருந்து எடுத்தது மட்டும். பிளக்குக்கும் பேட்டரிக்கும் நடுவில் பத்து சதவீதத்துக்கு மேலேயே போய்விடும்.

குளிர்காலத்தில் இன்னொன்று கவனியுங்கள். ஹீட் பம்ப் (வெளிக்காற்றின் சூட்டை இழுத்துக் குறைந்த கரண்டில் கேபினைச் சூடாக்கும் கருவி) இல்லாத சில மாடல்களில், ஹீட்டர் போட்டதும் பேட்டரி நிறைய இருந்தாலும் எஞ்சின் எழுந்துவிடும். பிளக்கில் இருக்கும்போதே கேபினைச் சூடாக்கிவிட்டுக் கிளம்பினால் பெரும்பாலும் தப்பிக்கலாம். ஓடும்போது எஞ்சினை வைத்துச் சார்ஜ் ஏற்றும் மோடைத் தொடவே வேண்டாம், பெட்ரோல்தான் வீண்.

இவ்வளவு திட்டியும் இந்த வண்டியை விற்க எனக்கு மனமில்லை. ஊருக்குள் நாள் முழுக்க எஞ்சின் எழாமல் நழுவிப் போகிற அந்த அமைதிக்கு எந்த ஸ்டிக்கரிலும் எண் கிடையாது. ஆனால் வண்டி நிறுத்துமிடத்தில் பிளக் இல்லாதவர்கள் சாதாரண ஹைபிரிடே வாங்குங்கள். தீர்ந்த பேட்டரியின் எடையைத் தினமும் சுமக்க வேண்டாம்.