மனுவா, வீடியோவா: சிப்பாயின் குறைக்கு எது வழி?

2017 ஜனவரி. ஜம்மு காஷ்மீர் எல்லையில் காவல் நின்ற எல்லைப் பாதுகாப்புப் படை கான்ஸ்டபிள் தேஜ் பகதூர் யாதவ், கைப்பேசியைத் தன் சாப்பாட்டுக்கு நேராகப் பிடித்தார். கருகிய ரொட்டி. மஞ்சளும் உப்பும் தவிர வேறெதுவும் போடாத பருப்புத் தண்ணீர். காலையில் ஒரு பராத்தாவும் டீயும்தான், தொட்டுக்கொள்ள ஊறுகாய்கூடக் கிடையாது, அதை வைத்துக்கொண்டு 11 மணி நேரக் காவல் என்றார். அரசாங்கம் எல்லாவற்றையும் அனுப்புகிறது, மேலே இருப்பவர்கள் விற்றுவிடுகிறார்கள் என்பது குற்றச்சாட்டு. பேஸ்புக்கில் ஏறிய வீடியோவை நாடே பார்த்தது. உள்துறை அமைச்சர் அறிக்கை கேட்டார். பருப்பைப் பற்றிய கேள்விக்குப் படை தந்த முதல் பதில்களில் ஒன்று, அந்த மனிதரின் பழைய தண்டனைகளைப் பற்றியது. பிறகு விசாரணை நடந்தது. குற்றச்சாட்டு நிரூபணமாகவில்லை என்றார்கள். ஏப்ரல் 19 அன்று அவரைப் பணிநீக்கம் செய்தார்கள்.

அவர் மனு எழுதியிருக்கலாமே என்று அன்று பலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். மனுவுக்கு என்ன வழி இருக்கிறது என்பதை ராணுவத்தை வைத்துப் பார்ப்போம். 1950-ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 26-வது பிரிவு, பாதிக்கப்பட்ட சிப்பாய் தன் கம்பெனியின், அதாவது தன் படைப்பிரிவின், தளபதியிடம் முறையிடலாம் என்கிறது. புகாரே அந்தத் தளபதி மீது என்றால், அவருக்கு அடுத்த மேலதிகாரியிடம் போகலாம். புகாரைப் பெற்ற அதிகாரி அதை முழுமையாக விசாரிக்க வேண்டும். இதைத் தவிர 'சைனிக் சம்மேளன்' என்ற கூட்டமும் உண்டு. தளபதி எல்லாரையும் உட்கார வைத்து, ஏதாவது குறை உண்டா என்று கேட்பார். நூறு பேர் நடுவில் எழுந்து, நம் லங்கரில் பருப்பு சரியில்லை என்று சொல்லும் சிப்பாயை ஒரு கணம் கற்பனை செய்துகொள்ளுங்கள். லங்கர் என்றால் படையின் சமையற்கூடம். அதன் கணக்கைப் பார்ப்பவரும் அவருக்கு மேலே இருப்பவரும் முன்வரிசையில்தான் உட்கார்ந்திருப்பார்கள்.

ஆனாலும் மனுவை மட்டமாகப் பேச மாட்டேன். விடுமுறை, சம்பளப் பிடித்தம், இடமாற்றம் போன்ற தனிப்பட்ட காரியங்களில் அதற்கு ஈடில்லை. ஊரில் பங்காளி வரப்பை வெட்டிவிட்டான், அம்மா ஒற்றை ஆளாகத் தாலுகா ஆபீசுக்கு அலைகிறாள் என்று ஒரு ஜவான் சொன்னால், அவருடைய தளபதி மாவட்ட ஆட்சியருக்குக் கடிதம் எழுதுவார். அந்தக் கடிதத்துக்கு மதிப்பு உண்டு. வரப்புத் தகராறை வீடியோவில் போட்டால் பங்காளிக்கும் சேர்த்துத்தான் விளம்பரம்.

மனு பலிக்காவிட்டால் 2009 முதல் இயங்கும் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். சென்னையிலும் அதற்கு ஓர் அமர்வு இருக்கிறது. ஆனால் அது தரைப்படை, கடற்படை, விமானப்படைக்கு மட்டும். எல்லைப் பாதுகாப்புப் படைக்காரருக்கும் சி.ஆர்.பி.எப். காரருக்கும் உயர் நீதிமன்றப் படிதான் கதி. ஒரே பனியில் நிற்கிறார்கள், ஒரே குண்டுக்கு நெஞ்சைக் காட்டுகிறார்கள், கதவு மட்டும் வேறு.

வீடியோ போடுகிறவர்கள் எல்லாரும் மனுவைத் தாண்டிக் குதித்தவர்கள் என்பதும் சரியில்லை. அதே ஜனவரியில் அதிகாரிகளின் வீட்டு வேலைக்குச் சிப்பாய்களைப் பயன்படுத்தும் 'சகாயக்' முறையைப் பற்றி வீடியோ போட்ட, லான்ஸ் நாயக் பதவியில் இருந்த ராணுவச் சிப்பாய் ஒருவர், 2016-லேயே பிரதமருக்கு எழுதிவிட்டதாகச் சொன்னார். அப்போதைய தரைப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் தலைமையகங்களில் புகார்ப் பெட்டி வைக்கச் சொன்னார். இரண்டே நாளில் ராணுவ தினத்தன்று, சமூக ஊடகத்துக்குப் போனால் தண்டனை வரலாம் என்றும் எச்சரித்தார். ஒரு கையில் பெட்டி, மறு கையில் பிரம்பு. பின்னர் தளபதிக்கே நேராகச் சொல்ல ஒரு வாட்ஸ்அப் எண்ணும் வந்தது. வீடியோக்கள் வராமல் இருந்திருந்தால் அந்த எண் வந்திருக்குமா என்பது என் சந்தேகம்.

இனி தென் கொரியா. 2021 ஏப்ரலில், விடுமுறை முடிந்து திரும்பி கொரோனா தனிமையில் வைக்கப்பட்ட ஒரு சிப்பாய், தனக்கு வந்த தட்டைப் படம் எடுத்தார். கொஞ்சம் சோறு, பேருக்குத் தொடுகறி. பேஸ்புக்கில் சிப்பாய்களின் குறைகளைப் பெயர் போடாமல் வெளியிடும் ஒரு பக்கத்தில் அது வந்தது. அடுத்தடுத்து மற்ற முகாம்களின் தட்டுகளும் வரிசை கட்டின. பாதுகாப்பு அமைச்சர் மன்னிப்புக் கேட்டார். ஒரு சிப்பாய்க்கு ஒரு நாள் உணவுச் செலவு 8,790 வோனில் இருந்து ஜூலையில் 10,000 வோனாக உயர்ந்தது. அடுத்த ஆண்டு 11,000.

அங்கே தட்டு ஜெயித்தது, இங்கே தட்டைக் காட்டியவர் தோற்றார். ஏன்? கொரியர்களுக்கு மனசு பெரிது என்று சொல்லிவிட்டுப் போக முடியாது. அங்கே ராணுவ சேவை கட்டாயம். தரைப்படையில் 18 மாதம் முடிந்தால் பையன் வீட்டுக்குப் போய்விடுவான். அவனிடமிருந்து பிடுங்க ஓய்வூதியம் கிடையாது. ஏறக்குறைய ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பையன் போயிருப்பதால் அந்தத் தட்டைப் பார்த்த தாய்மார்கள் எல்லாரும் வாக்காளர்கள். நம் கான்ஸ்டபிளுக்கோ அந்த வேலைதான் சோறு, பிள்ளைகளின் படிப்பு, கடைசிக் காலத்துப் பென்ஷன். போதாக்குறைக்கு அங்கே படம் பெயரில்லாமல் வந்தது. இவர் முகத்தோடு பேசினார்.

அதே கொரியாவில், அதே ஆண்டு, இன்னொரு புகார் உள்வழியில் போனது. விமானப்படைப் பெண் சிப்பாய் ஒருவர் பாலியல் அத்துமீறலைத் தன் மேலதிகாரிகளிடம் சொன்னார். மூடி மறைக்கப் பார்த்தார்கள். சமரசமாகப் போகச் சொன்னார்கள். மே மாதம் அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். குடும்பம் ஜனாதிபதி மாளிகையின் இணைய மனுப் பக்கத்தில் எழுதிய பிறகுதான் விஷயம் வெடித்தது. ஜூன் தொடக்கத்தில் விமானப்படைத் தலைவர் பதவி விலகினார். முறைப்படி போ என்று புத்தி சொல்கிறவர்கள் இந்த வழக்கையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

அதற்காக வீடியோவுக்கு மாலை போடவும் முடியாது. பின்னணியில் தெரியும் ஒரு மலை முகடு, ஒரு பதுங்குகுழி, கைப்பேசி பதிந்துவைக்கும் இடக்குறிப்பு எல்லாம் எதிரிக்கு இலவசத் தகவல். 2020-ல் ராணுவம் பேஸ்புக் உட்பட 89 செயலிகளை அழிக்கச் சொன்னபோது ஓர் அதிகாரி டெல்லி உயர் நீதிமன்றம் போனார். அவர் மனு தள்ளுபடியானது. தவிர, கேமரா முன் பொய்யும் சொல்லலாம், குற்றம் சாட்டப்பட்டவர் பதில் சொல்லும் முன்பே தீர்ப்பு வந்துவிடும்.

எனக்குப் பிடித்தது ஜெர்மனி வழி. 1956-ல் அரசியல் சட்டத்திலேயே சேர்த்து, ஆயுதப்படைக்கென்று ஓர் ஆணையரை நாடாளுமன்றம் வைத்துக்கொண்டது. எந்தச் சிப்பாயும் மேலதிகாரிகளைத் தாண்டி நேராக அவருக்கு எழுதலாம். எழுதியதற்காகத் தண்டிக்கக் கூடாது. மொட்டைக் கடிதத்தை எடுப்பதில்லை, ஆனால் பெயரை ரகசியமாக வைத்துக்கொள்ளக் கேட்கலாம். ஆணையர் முன்னறிவிப்பில்லாமல் எந்த முகாமுக்கும் போகலாம். ஆண்டுதோறும் அவர் தரும் அறிக்கை நாடாளுமன்றத்துக்குப் போகிறது. தட்டு ஊருக்குத் தெரிகிறது, தட்டைக் காட்டியவர் முகம் தெரிவதில்லை. பிரிட்டனும் 2016-ல் ஒரு குறைதீர்ப்பாளரை வைத்தது.

இங்கே அப்படி ஒரு ஜன்னல் இல்லை. அது வரும்வரை என் தம்பி யாராவது கேட்டால், எழுத்தில் கொடு, தேதியோடு நகல் வைத்துக்கொள், மேலே மேலே போ, பிறகு கோர்ட்டுக்குப் போ என்றுதான் சொல்வேன். கோழைத்தனமான யோசனைதான். தேஜ் பகதூர் 2019-ல் வாராணசியில் பிரதமரை எதிர்த்து வேட்புமனு போட்டார். அரசு வேலையிலிருந்து நீக்கப்பட்டவர் ஆயிற்றே, ஊழலுக்காகவோ தேசத்துக்கு விசுவாசமில்லாததற்காகவோ நீக்கப்படவில்லை என்று தேர்தல் ஆணையத்திடமிருந்து சான்றிதழ் கொண்டுவா என்றார்கள். அது இல்லாததால் மனு தள்ளுபடி ஆனது.